வீட்டை அடமானம் வைத்துக் கனவுப் பல்கலைக்கழகமா, கலந்தாய்வில் கிடைக்கும் அரசுக் கல்லூரியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு அருகிலுள்ள தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நீங்கள் ஆசைப்பட்ட இடம், செயற்கை நுண்ணறிவைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட கணினி அறிவியல், கிடைத்திருக்கிறது. விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஆறு லட்சம், நான்காண்டுக்கு 24 லட்சம் ரூபாய். மறுபுறம், பொறியியல் கலந்தாய்வில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) ஈ.சி.இ., அதாவது மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல், கிடைத்துவிடும் என்று உங்கள் கட் ஆஃப் சொல்கிறது. அங்கே மெஸ் கட்டணம் உட்பட நான்காண்டுக்கும் மூன்றரை லட்சம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வயது 54, நூற்பாலையில் மேற்பார்வையாளர், மாதச் சம்பளம் 36,000 ரூபாய். சேமிப்பு நான்கு லட்சம், அவர் பெயரில் ஒரு வீடு, ஒன்பதாம் வகுப்பில் ஒரு தங்கை. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை. "வீட்டை வைத்தாவது படிக்க வைக்கிறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார் என எழுதிவிட்டு, இரண்டில் எது சிறந்த கல்லூரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கல்லூரிகளின் தரம் அல்ல, அப்பாவின் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளலாமா என்ற தயக்கம்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கே நான் அதிகமாகப் பதில் சொல்லப்போகிறேன்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி கல்விக்கடன் மனுக்களைப் பார்ப்பதிலும், பிற்பாடு அவை திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பதிலும் கழிந்தது. எனவே கடனைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாடத்திட்டம் இன்னொன்றைவிட ஆழமானதா என்று எடைபோட எனக்குப் பயிற்சி கிடையாது. அதை அந்தந்தக் கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கேட்பதே முறை.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 24 லட்சத்தில் சேமிப்பு நான்கு லட்சம் போக, கடன் 20 லட்சம். ஆண்டுக்கு ஐந்து லட்சமாக நான்கு தவணைகளில் வங்கி அதைக் கல்லூரிக்குச் செலுத்தும். வட்டி கணக்கின் வசதிக்காகப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சில கடன்களில் இதைவிடச் சற்றுக் குறைவாகவும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் கூடுதலாகவும் இருக்கும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் உள்ள விதி. தவணை கிடையாதே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலாம் ஆண்டுப் பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு நான்காண்டு வட்டி என்று தனிவட்டியாகக் கூட்டினால் ஏழு லட்சம் வரும். ஆக, முதல் தவணை கட்ட உட்காரும் நாளில் உங்கள் கடன் 20 லட்சமாக இருக்காது, 27 லட்சமாக இருக்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 35,700 ரூபாய். பதினைந்து ஆண்டு என்றால் 29,000 ரூபாய். பத்தாண்டில் மொத்தம் கட்டியிருப்பது 43 லட்சத்தை ஒட்டியும், பதினைந்து ஆண்டில் 52 லட்சத்தை ஒட்டியும் இருக்கும். விண்ணப்பம் கொடுக்க வரும் பெற்றோரில் பெரும்பாலோர் 20 லட்சம் என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். 27 என்ற எண்ணை நாங்களாக எடுத்துச் சொன்னால்தான் உண்டு. கூட்டம் நிறைந்த ஜூன் மாதத்தில் எல்லாக் கிளைகளிலும் அதற்கு நேரம் இருப்பதில்லை.

இந்தத் தவணை தொடங்கும்போது அப்பாவுக்கு 59 வயது. தனியார் ஆலை வேலையில் அது ஓய்வு பெறும் வயது, அல்லது அதை நெருங்கிய வயது. அதாவது சம்பளம் நிற்கின்ற அதே சமயத்தில் தவணை தொடங்குகிறது. எனவே அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார் என்று வீட்டில் பேசிக்கொண்டாலும், அடைக்கப்போவது 22 வயதில் நீங்கள்தான். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் மொத்தமாக ஆளெடுக்கும்போது தரும் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. கைக்கு வருவது மாதம் 25,000 ரூபாய் அளவில் இருக்கும். 35,700 ரூபாய்த் தவணையை அதிலிருந்து கட்ட முடியாது. 29,000 ரூபாயையும் கட்ட முடியாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் சம்பளம் கிடைத்தால் கட்டலாம், ஆனால் பெங்களூரிலோ சென்னையிலோ வாடகை கொடுத்துக்கொண்டு கையில் வருவதில் ஏறத்தாழப் பாதியைப் பத்தாண்டு கொடுக்க வேண்டியிருக்கும். கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டே என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அது பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால்தான் கிடைக்கும். தவிரவும் மூன்றரை லட்சம் சம்பாதிப்பவருக்கு வரியே வராதபோது கழிவை வைத்து என்ன செய்வது?

பணத்தைவிட, அந்தத் தவணை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் தெரிவுகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. 22 வயதில் ஒருவர் செய்யக்கூடியவை பல: சம்பளம் குறைவானாலும் கற்றுக்கொள்ள நல்ல இடமாக இருக்கும் சிறு நிறுவனத்தில் சேரலாம், ஓராண்டு உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம், மேற்படிப்புக்குப் போகலாம், பிடிக்காத வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதம் தேடலாம். 35,000 ரூபாய்த் தவணை உள்ளவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. கையில் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டு, மேலாளர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கனவுப் படிப்பை முடித்தவர்கள் கனவுக்குச் சம்பந்தமில்லாத வேலையில் தவணைக்காக உட்கார்ந்திருப்பதை நான் வசூல் தொலைபேசியின் இந்தப் பக்கத்திலிருந்து நிறையவே கேட்டிருக்கிறேன்.

அடுத்தது வீடு. சாதாரணக் கல்விக்கடனில் நான்கு லட்சம் வரை ஈடு எதுவும் கேட்கக் கூடாது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். உங்கள் கடன் 20 லட்சம் என்பதால்தான் வீட்டுப் பத்திரம் பேச்சில் வருகிறது. பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டால், தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றதும் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குத் தொடுக்காமலேயே சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடும் நடவடிக்கையை வங்கி தொடங்க முடியும். அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு அளிக்கவில்லை. எல்லா வங்கிகளும் கல்விக்கடனுக்காக வீட்டை ஏலம் விட ஓடுகின்றன என்று சொல்லி உங்களைப் பயமுறுத்தமாட்டேன். பெரும்பாலான மேலாளர்கள் தவணையை மாற்றியமைத்துப் பார்க்கவே விரும்புவார்கள். ஆனால் அது அவர்களின் விருப்பத்தைப் பொறுத்ததே ஒழிய உங்கள் உரிமை அல்ல. கடன் பத்திரத்தில் அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார் என்பதால், தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணோடு அவருடையதும் சரியும். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தங்கை, நீங்கள் படிப்பை முடிக்கும் சமயத்தில் கல்லூரிக்குப் போவாள். அவளுக்குக் கடன் கேட்டு அதே அப்பாதான் அதே கிளைக்கு வர வேண்டும். அப்போது ஈடாக வைக்க அந்த வீடு இருக்காது, சேமிப்பும் இருக்காது. உங்கள் கடிதத்தில் தங்கையைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. என்னைக் கேட்டால் இந்த முடிவில் அவளுக்கும் பங்கு உண்டு.

உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி அரசின் சலுகைத் திட்டங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்கு ஈடும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் தர வழி இருக்கிறது. தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் பட்டியலில் இருந்தன, மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முதல் நூறுக்குள் வருபவை, மத்திய அரசு நிறுவனங்கள் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அத்திட்டத்தின் இணையதளத்தில் இன்றே பாருங்கள். இருந்தால், வீட்டைத் தொடாமலேயே கடன் கேட்க முடியும். ஆனால் கடனில் 75 விழுக்காட்டுக்கு அரசு தரும் உத்தரவாதம் ஏழரை லட்ச ரூபாய்க் கடன் வரைக்கும்தான். அதற்கு மேலுள்ள கடனின் இடர் முழுவதும் வங்கியின் தலையில் விழுவதால், 20 லட்சத்துக்குக் கிளை மேலாளர் தயங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கு வாங்கும் கடனில் பத்து லட்சம் வரை, தவணை தொடங்காத காலத்தின் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. அப்பாவின் சம்பளம் ஆண்டுக்கு 4,32,000 என்பதால் வேறு வருமானம் இல்லையென்றால் நீங்கள் அந்த வரம்புக்குள் வருகிறீர்கள். இதில் கவனிக்க வேண்டியது, வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கடனுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் பெற்ற இடத்துக்கும் இந்தச் சலுகை கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பது. தகுதி உண்டா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முழுதாகக் கிடைத்தாலும் மிச்சமாவது முதல் பத்து லட்சத்தின் வட்டியான நாலரை லட்சம்தான், கடன் 22.5 லட்சத்தில் நிற்கும், பத்தாண்டுத் தவணை 30,000 ரூபாயை ஒட்டி வரும். பெரிய உதவிதான், ஆனாலும் முதல் சம்பளம் இன்னும் தவணையை எட்டவில்லை.

சரி, அந்த 20 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பலகையில் இருப்பது அதிகபட்சப் பேக்கேஜ். அது ஒரே ஒரு மாணவரின் சம்பளம். அவர் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் ஏறத்தாழ அதை வாங்கியிருக்கக்கூடியவர். சராசரியையும் அந்த ஒருவரே மேலே இழுத்துவிடுவார். நீங்கள் தேட வேண்டியது இடைநிலைச் சம்பளம், அதாவது வேலை பெற்றவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அந்த எண், தரவரிசைக்காக ஒவ்வொரு நிறுவனமும் என்.ஐ.ஆர்.எஃப்.-க்குக் கொடுக்கும் தரவுத் தாளில் இருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேர் வேலைக்கும் எத்தனை பேர் மேற்படிப்புக்கும் போனார்கள் என்பதும் அதிலேயே உண்டு. இரண்டு கல்லூரிகளின் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை நிறுவனங்கள் தாமே அளிக்கும் எண்கள் என்பதையும், எல்லாப் பாடப்பிரிவுகளையும் சேர்த்துச் சொல்பவை என்பதையும் மறக்க வேண்டாம். அத்துடன் உங்கள் பிரிவில் எத்தனை இடங்கள் என்று கேளுங்கள். நன்கு செயல்படும் நிறுவனங்களுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டிலிருந்து, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. ஒரே ஆண்டில் கணினி அறிவியலில் மட்டும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்கும் வளாகத்துக்கு முந்நூறு நிறுவனங்கள் வந்தன என்றால், அந்த முந்நூறை எத்தனை பேர் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதே கேள்வி.

பேர்பெற்ற கல்லூரியில் படித்தால் வாழ்நாள் வருமானம் கூடுமா என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வுமுறை உள்ள கல்லூரியிலும் சாதாரணக் கல்லூரியிலும் இடம் கிடைத்து, சாதாரணக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த மாணவர்கள், மற்றவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே பிற்காலத்தில் சம்பாதித்தார்கள் என்று கண்டார்கள். மாணவரின் திறமைதான் சம்பளத்தைத் தீர்மானித்தது, கல்லூரியின் பெயர் அல்ல. அதே ஆய்வு ஒரு விதிவிலக்கையும் காட்டியது: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வுமுறை கடினமான கல்லூரி உண்மையாகவே பயன் தந்தது. முதல் பட்டதாரியான உங்கள் விஷயத்தில் இது என் வாதத்துக்கு எதிராகப் பேசுவதுபோல் தோன்றலாம். பின்னர் 2023-இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வும், மிக உயர்ந்த சில கல்லூரிகள் சராசரி வருமானத்தைப் பெரிதாக மாற்றாவிட்டாலும், வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினருள் சேரும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்றது. ஆனால் இவற்றை நம் ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே கட்டணம் மிகுந்த கல்லூரியே பெரும்பாலும் நுழையக் கடினமான கல்லூரியும் ஆகும். தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ். இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூறு எடுத்தவர்கள் வரிசையில் நிற்பது கிண்டி பொறியியல் கல்லூரிக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கும், ஜி.சி.டி.க்கும், பி.எஸ்.ஜி.யின் உதவிபெறும் இடங்களுக்கும்தான். கட்டணம் கட்டக்கூடியவர்கள் அனைவருக்கும் இடம் தரும் வளாகத்தைவிட, மதிப்பெண்ணால் மட்டுமே நுழையக்கூடிய வகுப்பறையில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் கெட்டிக்காரராக இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த ஆய்வுகள் எதையாவது ஆதரிக்கின்றன என்றால் உங்கள் விஷயத்தில் மலிவான கல்லூரியையே ஆதரிக்கின்றன என்று நான் வாதாடுவேன்.

பாடப்பிரிவைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஈ.சி.இ. படித்தவர்களை மென்பொருள் நிறுவனங்கள் எடுக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. பெரும்பாலான வளாகத் தேர்வுகளில் அவர்களும் கணினி அறிவியல் மாணவர்களோடு ஒன்றாகவே உட்காருகிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற பெயரைத் தாங்கிய பட்டத்துக்கு நீங்கள் வெளியே வரும் ஆண்டில் என்ன மதிப்பு இருக்கும் என்பது யாராலும் சொல்ல முடியாதது, அதை விற்பவர்களாலும்கூட. அந்தத் துறைக்கு அடிப்படையான கணிதமும் நிரலாக்கமும் வேறு வழிகளிலும் கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழியில் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அனுமதித்துவிட்டது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து அதில் கட்டணச் சலுகையும் உண்டு. எளிதான படிப்பு அல்ல, ஈ.சி.இ.யோடு சேர்த்துச் சுமப்பது இன்னும் கடினம். ஆனால் ஆர்வம் உண்மையானதா என்று ஓராண்டில் உங்களுக்கே தெரிந்துவிடும். இன்னொன்று, பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வாகிய கேட். மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். நல்ல மதிப்பெண் எடுத்தால் ஐ.ஐ.டி.களிலும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையுடன் எம்.டெக். படிக்க வழி இருக்கிறது. கனவு நிறுவனத்துக்குள் நுழைய 18 வயதில் திறக்கும் கதவு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது கடைசியாகப் படித்த இடத்தைத்தான்.

அரசுக் கல்லூரியைப் பற்றி மிகையாகவும் சொல்லிவிடக் கூடாது. பொதுவாக அரசுக் கல்லூரிகளில் ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதும், சில ஆய்வகங்களில் கருவிகள் பழையனவாக இருப்பதும், விடுதி அறைகள் நெரிசலாக இருப்பதும் உண்மை. தனியார் வளாகத்தில் கட்டடம், இணையம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு மாணவர் பரிமாற்றம், நிறுவனங்களை அழைத்து வரும் முழுநேரப் பணியாளர்கள் எல்லாம் இருக்கும். அவற்றுக்கும் சேர்த்துத்தான் கட்டணம். ஆங்கிலத்தில் பேசிப் பழகும் சூழல் அங்கே இயல்பாகக் கிடைக்கும், அரசுக் கல்லூரியில் நீங்களாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். யாராவது பின்னாலிருந்து தள்ளினால்தான் படிப்பேன் என்ற சுபாவம் உள்ளவர் அரசுக் கல்லூரியில் காணாமல் போய்விடக்கூடும்; உங்கள் மதிப்பெண் உங்களை அப்படிக் காட்டவில்லை. நீங்கள் போகக்கூடிய கோவைக் கல்லூரி 1945-இல் ஜி.டி. நாயுடுவின் கொடையால் தொடங்கியது. நான்காண்டுப் பொறியியல் படிப்பே கால விரயம், இரண்டாண்டு போதும் என்று வாதாடிய மனிதர் அவர். நான்காண்டுக்கு 24 லட்சம் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

சில விவரங்கள் மாறினால் என் பதிலும் மாறும். கனவு நிறுவனம் ஐ.ஐ.டி.யாக இருந்திருந்தால் தயங்காமல் போகச் சொல்லியிருப்பேன். குடும்ப வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அங்கே கல்விக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கும், ஒரு லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு முழுவதும் தள்ளுபடி. தனியார் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பாதிக்கு மேல் கல்வி உதவித்தொகை கொடுத்தாலும் மறுபடி யோசிக்கலாம். அப்படிக் கொடுத்தால் அது நான்காண்டுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள் என்பதைக் கடிதமாக வாங்குங்கள். நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா என்பதை எழுதவில்லை. படித்திருந்தால் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெறலாம். 2021 முதல் அப்படிச் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. அப்போது ஒப்பீடு மூன்றரை லட்சத்துக்கும் 24 லட்சத்துக்கும் அல்ல, ஏறத்தாழ ஒன்றுமில்லாததற்கும் 24 லட்சத்துக்கும். அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக வரும். எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் முதல் பட்டதாரிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். அதைக் காட்டினால் கிடைக்கும் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேருபவர்களுக்கு மட்டுமே.

நீங்கள் எழுதிய எண்கள் அப்படியே இருந்தால், என் பதில் கோவைதான். கையிலிருக்கும் நான்கு லட்சத்தில் படிப்பு முடிந்துவிடும், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும், 22 வயதில் யாருக்கும் தவணை கட்ட வேண்டியிருக்காது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். பிள்ளையின் ஆசைக்குத் தன்னால் செலவு செய்ய முடியவில்லை என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடக் கூடாது. "உங்களால் முடியாது" என்ற பேச்சே வேண்டாம். ஒரு தாளில் 20, 27, 35,700 என்ற மூன்று எண்களையும், அவருக்கு 59 வயது ஆகும் ஆண்டையும், தங்கை கல்லூரியில் சேரும் ஆண்டையும் எழுதி அவர் முன் வையுங்கள். ஆலையில் கணக்குப் பார்த்துப் பழகியவர், தாமாகவே புரிந்துகொள்வார். அதன் பிறகும் அவர் கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், அவருடைய வருங்கால வைப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, ஓய்வுக்குப் பின் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாதவரை கையெழுத்திட வேண்டாம் என்று நான் சொல்வேன்.

கடைசியாக, நடைமுறை. தனியார் பல்கலைக்கழகங்கள் கலந்தாய்வு தொடங்கும் முன்பே முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குவது வழக்கம். ஏற்கெனவே கட்டியிருந்தால் அதற்காக மனத்தைக் கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். சேர்க்கையை விலக்கிக்கொள்பவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது, எந்தத் தேதி வரை முழுத்தொகை என்பதை ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள், இந்த ஆண்டின் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனமும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கலந்தாய்வின் ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்து, கோவையில் சேர்க்கை உறுதியான அன்றே, பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் விலகல் கடிதம் அனுப்பி, தேதியுள்ள ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னோம் என்பது பிற்பாடு செல்லாது.